லட்சத்துக்கு முந்தைய சர்வீஸ்

மோட்டார் சைக்கிள் கழுவுகிறவர்களில் பாதிப் பேர் டேங்கிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். அது தப்பு. முதலில் செயின், பிறகு சக்கரம், கடைசியில்தான் டேங்க். மேலிருந்து ஆரம்பித்தால் செயின் அழுக்கு தெறித்து, செய்த வேலையையே மறுபடி செய்ய வேண்டிவரும். பதினோரு வருஷமாக இந்தப் பட்டறையில் கழுவுகிறேன், கழற்றுகிறேன், மாட்டுகிறேன். வருகைப் பதிவேட்டில் என் பெயருக்கு நேரே ‘உதவி’ என்று போட்டிருக்கும். ஐயா காகிதமும் பேனாவும் கொடுத்து, உனக்குத்தான் எழுத வருமே, நடந்ததை நீயே எழுது என்றீர்கள். எழுதுகிறேன். அடித்தல் திருத்தல் இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது ஒன்றுதான். போல்ட்டை இறுக்காமல் விட்டது நான் என்பதை முதல் நாளே ஒப்புக்கொண்டுவிட்டேன். செத்துப்போன அந்த அம்மா பின்சீட்டில் போகப்போகிறார் என்பது எனக்கு முன்னாலேயே தெரியுமா, தெரியாதா? மூன்று முறை கேட்டீர்கள். மூன்று முறையும் தெரியாது என்றேன். அதற்கு வருகிறேன். வண்டியைப் பற்றிச் சொல்லாமல் அதை மட்டும் சொன்னால் விளங்காது.

அந்த அம்மாவின் கணவரை நாங்கள் பட்டறையில் ‘லட்சம்’ என்போம். நெடுந்தூரப் பயண வண்டிகளை ஓட்டிப் பார்த்து எழுதுவது அவர் தொழில். ஒரே வண்டியை லட்சம் கிலோமீட்டர் ஓட்டி, அது எப்படி உழைக்கிறது என்று மாதாமாதம் ஒரு பத்திரிகையில் எழுதிவந்தார். பெயர் அப்படி வந்ததுதான். ஒவ்வொரு பயணம் முடிந்ததும் வண்டி எங்களிடம் வரும். “லட்சம் வர்றாரு, மூக்கைப் பொத்திக்கோங்க” என்று ஹெட் மெக்கானிக் உள்ளே குரல் கொடுப்பார். எல்லோரும் சிரிப்பார்கள். கழுவப்போவது நான் ஒருவன்தான்.

வண்டி வரும் கோலத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முன்கண்ணாடி முழுக்கப் பூச்சி. வெயிலில் காய்ந்து ஒட்டிய பூச்சியைச் சுரண்டினால் கண்ணாடியில் கீறல் விழும். வெந்நீர்த் துணி போட்டு ஊறவைக்க வேண்டும். ஊறும்போது மஞ்சளாக ஒரு கூழ் வழியும், அதில் கால்கள் தனியாக, இறகுகள் தனியாக மிதந்து வரும். நகத்துக்குள் போய்விட்டால் சோற்றில் கை வைக்கும்போதும் அந்த வாடை அடிக்கும். அப்புறம் ஹெல்மெட். உள்மெத்தையைப் பிழிந்தால் டீ நிறத்தில் தண்ணீர் வரும், கூடவே தலைமுடி. பக்கவாட்டுப் பெட்டிகளில் அழுகின பழத்தோல், ஈர சாக்ஸ், மூக்குச் சிந்திய காகிதம். ஒரு தடவை ஒரு பாட்டில் நிறைய சிறுநீர் இருந்தது. நிற்க நேரமில்லையாம். “அதைக் கொட்டிடுப்பா, மறந்தே போச்சு” என்றார், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். கொட்டினேன். பாட்டிலைத் திருப்பிக் கேட்டார்.

அருவருப்பாக இருந்தது. ஆனால் அதற்காக யாரும் யாரையும் எதுவும் செய்துவிடமாட்டார்கள். ஐயா அதைக் காரணமாக எழுதிக்கொள்ள வேண்டாம்.

வண்டி நல்ல வண்டி. அதை அவர் லட்சம் கிலோமீட்டர் ஓட்டினார் என்றால் நானும் ஒரு நானூறு ஓட்டியிருப்பேன். வேலை முடிந்ததும் ரவுண்டானா வரை போய்த் திரும்ப வேண்டும், நாலு கிலோமீட்டர். சீட்டு அகலம், இடுப்பு நோகாது. எஞ்சின் நாலாயிரம் சுற்றைத் தொடும்போது ஹேண்டில்பாரில் ஒரு நடுக்கம் வரும், ஐந்தைத் தாண்டினால் அடங்கிவிடும். வலது முழங்காலில் சூடு அடிக்கும். வளைவில் படுத்தால் தானாக நிமிராது, நாம்தான் நிமிர்த்த வேண்டும். இதெல்லாம் அவர் எழுதியதில்லை. அவர் எழுதினால் காற்று, வானம், மலை என்று இருக்கும்.

உழைப்பு என்று பார்த்தால் அது வேறு கதை. இருபதாயிரத்திலேயே ஹேண்டில் கழுத்துப் பேரிங் போனது, மாற்றினேன். தண்ணீர் பம்ப் கசிந்தது. பின்சக்கரப் பேரிங் இரண்டு முறை. பெட்டிகளைத் தாங்கும் பின்ஃபிரேமில் ஐம்பதாயிரம் வாக்கில் தலைமுடி அளவு ஒரு விரிசல். கழுவும்போது விரலில் தட்டுப்பட்டது. பார்த்தவன் நான், ஹெட் வெல்டு வைத்தார், பிடித்துக்கொண்டு நின்றவன் நான். எட்டு மாதம் கழித்து அதே இடத்தில் இன்னொன்று. அதற்கும் அப்படியே. வண்டி கொடுத்த நிறுவனமே பாகங்களை அனுப்பிவிடும், பழைய பாகத்தைப் பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவோம். ஒன்றும் நடக்காத மாதிரி ஆகிவிடும்.

நான் எழுத்துப் படித்தது நாற்பத்தாறு வயதில். துணி ஆலையில் வேலை பார்க்கும்போது என் மனைவி கற்றுக்கொண்டாள், எனக்கு அவள் கற்றுக்கொடுத்தாள். எண்ணெய் டின்னில் இருப்பதைப் படிக்க வந்ததும் பட்டறையில் கிடக்கும் பத்திரிகைகளை எடுத்தேன். முழுசாக முதலில் படித்தது லட்சத்தின் பக்கம்தான். ஐந்து வரிக்கு ஒரு தடவை மூச்சு வாங்கி, இரண்டு சாப்பாட்டு வேளையில் படித்து முடித்தேன். ‘எழுபதாயிரம் கிலோமீட்டர். செயினுக்கு எண்ணெய் விட்டேன், டயர் மாற்றினேன். மற்றபடி இந்த வண்டியில் இன்றுவரை ஒரு ஸ்பேனர் படவில்லை.’

வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியிடம் கொடுத்தேன். அவள் சத்தமாக வாசித்துவிட்டுச் சிரித்தாள்.

“அப்போ நீங்க தினமும் அங்க போயி என்னதாங்க பண்றீங்க?” என்றாள்.

கேலிக்குத்தான் சொன்னாள். நானும் சிரித்தேன். சோற்றில் கை வைத்தேன். அந்தப் பூச்சிக்கூழ் வாடை கையில் அடித்தது, இத்தனைக்கும் அன்றைக்கு நான் கழுவவே இல்லை.

அடுத்த முறை அவர் வந்தபோது கேட்டேன். மரியாதையாகத்தான் கேட்டேன்.

“சார், பின்ஃபிரேம்ல ரெண்டு தடவை வெல்டு வச்சோமே. அதைப் பத்தி ஒண்ணும் வரலையே.”

“நீ படிப்பியா?” என்றார். இத்தனை வருஷத்தில் அவர் என் முகத்தைப் பார்த்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன். பிறகு பொறுமையாகவே விளக்கினார். “வழியில நின்னாத்தான்பா அது பழுது. இங்க வந்து சரி பண்றதுக்குப் பேரு பராமரிப்பு. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்குல்ல?”

“இருக்கு சார்.”

“அவ்வளவுதான். அந்த ஓரத்துல பூச்சி இன்னும் இருக்கு பாரு.”

துடைத்தேன்.

அதற்குப் பிறகுதான் ஒரு தபால்காரர் வந்தார். ஓய்வு பெற்றவர். பத்திரிகையைப் படித்து அதே வண்டி வாங்கியிருந்தார். ஊர் ஊராகச் சுற்றிப் பார்க்கும் ஆசை. நாற்பதாயிரத்தில் அவருடைய பின்ஃபிரேம் அதே இடத்தில் உடைந்து, பெட்டி சக்கரத்துக்குள் போய், இடுப்பெலும்பு முறிந்து, நாலு மாதம் படுக்கை. ஊன்றுகோலோடு வந்து ஹெட்டிடம் உடைந்த துண்டைக் காட்டினார். லோடு அதிகமாக வைத்திருப்பீர்கள் என்றார் ஹெட். தபால்காரர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த பக்கத்தை எடுத்தார்.

“இருக்கும் சார். என் கைதான் சரியில்லை போல. அவரு வண்டியில ஒரு ஸ்பேனர் கூடப் படலையே.”

ஹெட் என்னைப் பார்த்தார். நான் ஒரு டேங்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்துக்கொண்டே இருந்தேன். தபால்காரர் போனபிறகு ஹெட், “நமக்கெதுக்குண்ணே” என்றார். அவரை நான் குறை சொல்லவில்லை.

அன்றைக்கே அந்தக் கிழவரிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று ஐயா கேட்டீர்கள். சொல்லியிருக்கலாம். சொன்னால் ஒருத்தருக்குத் தெரியும். அந்தப் பக்கத்தைப் படித்தவர்கள் ஆயிரக்கணக்கில். அடுத்த இதழில் கடிதங்கள் வந்திருந்தன: உங்களை நம்பித்தான் வாங்கினேன், உங்கள் வண்டி மாதிரி என் வண்டியும் உழைக்க வேண்டும். படிக்கப் படிக்க எனக்குக் குமட்டியது. என்மேல் எனக்கு அருவருப்பு வரவில்லையா என்றும் கேட்டீர்கள். அதை யோசித்துப் பார்த்தேன். வரவில்லை. நான் எழுதவில்லையே.

வண்டி வழியில் நிற்க வேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம். அவர் வாயால் சொன்ன இலக்கணப்படியே அது பழுதாக வேண்டும். அப்போதுதான் எழுதியே ஆகவேண்டிவரும்.

தொண்ணூற்றொன்பதாயிரத்து நூற்றுச்சொச்சத்தில் வண்டி கடைசி சர்வீஸுக்கு வந்தது. ஆயிரம் கிலோமீட்டர் மலைப்பயணம், அதில் லட்சம் முடியும், அதோடு பத்திரிகைத் தொடரும் முடியும். முன்பிரேக் பேட்கள் தேய்ந்திருந்தன. மாற்ற ஹெட் சொன்னார்.

இங்கே எங்கள் பட்டறை வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பிரேக், சக்கரம் போன்ற உயிர் போகும் இடங்களில் ஒருத்தர் போல்ட்டை இறுக்க வேண்டும். இன்னொருத்தர் ரெஞ்ச் வைத்துச் சோதித்து, போல்ட் தலையிலிருந்து பக்கத்து உலோகம் வரை மஞ்சள் பெயின்ட்டால் ஒரு கோடு இழுக்க வேண்டும். போல்ட் கொஞ்சம் சுழன்றாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். கோடு நேராக இருந்தால் போல்ட் இறுகியிருக்கிறது என்று அர்த்தம். ஆரம்பத்தில் ஹெட் இறுக்குவார், நான் சோதித்துக் கோடு போடுவேன். வருஷம் போகப் போக இரண்டையும் நானே செய்தேன். ஹெட் கோட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். ஒருநாளும் தப்பு வந்ததில்லை. தப்பு வராததால் யாரும் ரெஞ்சை எடுப்பதில்லை. கோட்டைத்தான் பார்ப்பார்கள்.

நான் எதையும் அறுக்கவில்லை, உடைக்கவில்லை. இடதுபக்க முன்பிரேக் காலிப்பரில், அதாவது பேட்களைப் பிடித்திருக்கும் கவ்வியில், இரண்டு போல்ட். மேலேயுள்ளதை அரைவாசி இறுக்கினேன். கீழேயுள்ளதை விரலால் திருகி நிறுத்திக்கொண்டேன். இரண்டின்மேலும் கோடு போட்டேன். பதினோரு வருஷத்தில் அவ்வளவு நேரான கோட்டை நான் போட்டதில்லை. அப்போது காலை பதினொரு மணி இருக்கும்.

நின்றுபோக வேண்டும் என்றால் பெட்ரோல் பம்ப் ஒயரைத் தளர்த்தியிருக்கலாம், பேட்டரி முனையைத் தளர்த்தியிருக்கலாம், வண்டி ஓரமாக நின்றிருக்கும், யாருக்கும் நகக்கீறல் கூடப் பட்டிருக்காது, ஏன் பிரேக்கில் கை வைத்தாய் என்று ஐயா கேட்டீர்கள். நியாயமான கேள்வி. அதையும் யோசித்துத்தான் செய்தேன். பம்ப் நின்றால் மோசமான பெட்ரோல் என்று எழுதுவார். பேட்டரி என்றால் குளிர் என்று எழுதுவார். பத்து நிமிஷத்தில் சரிசெய்துவிட்டுச் சூரிய அஸ்தமனத்தைப் பற்றி இரண்டு பத்தி எழுதுவார். அவரால் அழகாக எழுதித் தாண்ட முடியாத ஒன்றாக அது இருக்க வேண்டியிருந்தது. எத்தனையாவது கிலோமீட்டரில் போல்ட் விழும் என்பது எனக்குத் தெரியாது. ஏற்றத்தில் பிரேக்குக்கு வேலையில்லை, இறக்கத்தில்தான் என்பது தெரியும்.

மாலை நாலரைக்கு அவர் வண்டியருகே வந்து எடுத்த வீடியோவை நீங்களே எனக்குப் போட்டுக் காட்டினீர்கள். புறப்படும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று பார்க்கிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். முன்சக்கரத்தருகே குந்தி உட்கார்ந்து, அந்தப் போல்ட்டை விரலால் தொட்டு, “மஞ்சள் கோடு நேரா இருக்கா? இருக்கு. இதை நான் ஒவ்வொரு தடவையும் நானே பாத்துடுவேன்” என்கிறார். பின்னால் துணியோடு நிற்கும் கால்கள் என்னுடையவை.

மறுநாள் முன்னூற்று நாற்பதாவது கிலோமீட்டரில், இறக்கத்தில், ஒரு வளைவுக்கு முன்னால் கீழ்ப்போல்ட் கழன்று விழுந்திருக்கிறது. காலிப்பர் சுழன்று சக்கரத்தின் குறுக்கே மாட்டி, சக்கரம் அப்படியே நின்றுவிட்டது. அவர் புதரில் விழுந்தார், கால் ஒன்று, மணிக்கட்டு இரண்டும் உடைந்தன. அந்த அம்மா சாலையோரத் தடுப்புச் சுவரில். மற்ற விவரம் உங்கள் அறிக்கையில் இருக்கிறது. அந்தப் படங்களை எனக்கு ஏன் காட்டினீர்கள் என்று தெரியவில்லை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். யாராக இருந்தாலும் திருப்புவார்கள்.

ஹெட்டுக்கு இதில் சம்பந்தமில்லை. அவர் கோட்டைப் பார்த்தார், அவ்வளவுதான்.

நேற்று ஆஸ்பத்திரியில் லட்சம் கொடுத்த வாக்குமூலத்தை எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். மனைவி வருவதாக வீட்டிலேயே முடிவானது, பட்டறையில் யாருக்கும் தெரியாது என்று சொல்லியிருக்கிறார். பின்னாலுள்ள ஸ்பிரிங்கை இருவர் பாரத்துக்கு ஏற்றபடி வீட்டில் தானே திருகி வைத்ததாகவும் சொல்லியிருக்கிறார். வாசித்துவிட்டு ஐயா, “இது உனக்குச் சாதகம்தான்யா. இதோட விட்டுடு” என்றீர்கள். நல்ல மனசோடு சொன்னீர்கள். ராத்திரி முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வாக்குமூலத்தில் உள்ளது பொய். அப்படியே விட முடியாது.

அந்த ஸ்பிரிங்குக்குச் சீட்டின் கீழே ஒரு திருகுகுமிழ் உண்டு. சுழற்றினால் சொடுக்கு சொடுக்காகப் போகும். தனியாகப் போனால் ஐந்து சொடுக்கு. பெட்டிகளோடு இருவர் போனால் பத்தொன்பது. பதினாலு சொடுக்கு குறைந்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் பின்சீட்டில் இருப்பவரின் முதுகில் இடிக்கும். அந்தக் குமிழ் எந்தப் பக்கம் இருக்கிறது என்று லட்சத்துக்குத் தெரியுமா, கேட்டுப் பாருங்கள். ஆறு வருஷத்தில் அவர் அதை ஒருமுறை தொட்டிருந்தால் நான் என் கையை வெட்டிக்கொள்கிறேன்.

கடைசி சர்வீஸ் அன்று நாலு மணிக்கு அந்த அம்மா காரில் பெட்டிகளைக் கொண்டுவந்தார். ஹெட் டீ குடிக்கப் போயிருந்தார். லட்சம் வெளியே போனில் இருந்தார். பெட்டிகளை நான் வாங்கி மாட்டினேன். அந்த அம்மா பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, கால் வைக்கும் இடத்தைச் சரிபார்த்தார்.

“அண்ணே, கடைசி ஆயிரத்துக்கு நானும் போறேன். போன தடவை வழி பூரா இடிச்சு இடிச்சு முதுகே போச்சு. கொஞ்சம் பாத்து வையுங்களேன்.”

“வச்சிடறேன் மேடம்” என்றேன்.

குந்தி உட்கார்ந்து திருகினேன். எண்ணிக்கொண்டே திருகினேன். ஐந்திலிருந்து பத்தொன்பது. அங்கிருந்து முன்சக்கரம் ஓரெட்டுத் தூரம். ஸ்பேனர் பின்பாக்கெட்டில் இருந்தது. நினைத்துப் பார்க்காமல் இல்லை. இறுக்கினால் மஞ்சள் கோடு உடைந்துவிடும், துடைத்துவிட்டு மறுபடி போட்டால் காய இரண்டு மணி நேரமாகும், அரைமணியில் லட்சம் வழக்கம்போல வீடியோ எடுக்க வருவார், ஈரப் பெயின்ட் விரலில் ஒட்டும். அதனால் விட்டுவிட்டேன்.

ஆகவே ஐயா, அந்த அம்மா போவது எனக்குத் தெரியும். அதை எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், எத்தனை வருஷம் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் லட்சத்தின் வாக்குமூலத்தில் ஸ்பிரிங் விஷயத்தை அடித்துவிட்டு என் பெயரை எழுத வேண்டும். பத்தொன்பது சொடுக்கும் நான் வைத்தது. முன்னூற்று நாற்பது கிலோமீட்டரும் அந்த அம்மாவுக்கு முதுகில் ஒரு இடி கூட விழுந்திருக்காது.